முதலில் கிணற்றைப் பாருங்கள்

2024 செப்டம்பர் முதல் வாரம். கன்னியாகுமரி வரை ரயில் பாதையை இரட்டிப்பாக்கும் வேலைக்காக, தண்டவாளத்துக்கு அடியில் போகும் குடிநீர்க் குழாய்களைத் திருவனந்தபுரத்தில் இடம் மாற்றத் தொடங்கினார்கள். இரண்டு நாளில் முடியும் என்று சொன்ன வேலை இழுத்துக்கொண்டே போனது. மாநகராட்சியின் நாற்பதுக்கும் மேற்பட்ட வார்டுகளில் குழாய் வறண்டது, டேங்கர் லாரிகளுக்குப் பின்னால் குடங்கள் வரிசை கட்டின, திங்கட்கிழமை பள்ளிகளுக்கு விடுமுறை விட வேண்டியதாயிற்று. ஆண்டில் இரண்டு பருவமழை கொட்டுகிற ஊர் இது. புயலும் இல்லை, வெள்ளமும் இல்லை. குழாய் ஒன்றை நகர்த்தினார்கள், அவ்வளவுதான். முற்றத்தில் கிணறு உள்ள வீடுகளுக்கு மட்டும் அது பத்திரிகையில் படிக்கிற செய்தியாக இருந்தது.

நாகர்கோவில், திருநெல்வேலிப் பக்கமிருந்து இங்கே வேலைக்கு வந்து, அப்படியே தங்கிவிட நினைத்துப் பத்து சென்ட் தேடுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். டெக்னோபார்க் எவ்வளவு தூரம், கார் உள்ளே போகுமா, பக்கத்தில் எந்தப் பள்ளிக்கூடம் என்று மூன்றையும் கேட்டுவிட்டு விலைக்குப் போய்விடுவார்கள். பங்குனியில் கிணற்றில் எத்தனை அடி தண்ணீர் நிற்கும் என்று கேட்பவர் அபூர்வம். கேரளத்தில் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நூற்றுக்கு 62 வீடுகள் குடிப்பது கிணற்றுத் தண்ணீர். அதனால் அது சும்மா கேட்டுவைக்கிற கேள்வி அல்ல.

கிணற்றைப் பார்க்க ஒரு முறை உண்டு. உச்சி வெயில் நேராக உள்ளே விழும் நேரத்தில், கோடை மழை தொடங்கும் முன் போக வேண்டும். குனிந்து பார்த்தால் வெட்டுக்கல் சுவரில் பாசி ஒரு மட்டத்தில் நிற்கும். அது மழைக்காலத் தண்ணீர் ஏறிய உயரம். கீழே கிடப்பது கோடைத் தண்ணீர். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் அந்த மனையின் ஜாதகம். வெட்டுக்கல் மண் தண்ணீரை வேகமாகக் குடிக்கும், வேகமாகவே விட்டுவிடும். ஐப்பசியில் கைக்கெட்டும் தூரத்தில் தளும்பிய கிணறு சித்திரையில் சேறு காட்டுவது இங்கே சகஜம். பாசிக்குக் கீழே புதிதாக உறை இறக்கியிருந்தால், எந்த வருஷம் ஆழப்படுத்தினீர்கள் என்று கேளுங்கள். சுற்றிலும் புதிதாக எத்தனை போர்வெல் விழுந்திருக்கிறது என்பதும் அந்தப் பதிலிலேயே தெரிந்துவிடும்.

அடுத்து, பக்கத்து வீட்டுக் கழிவறைக் குழி எங்கே என்று பாருங்கள். கிணற்றிலிருந்து ஏழரை மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும் என்கிறது கேரளக் கட்டட விதி. மூன்று சென்ட், நான்கு சென்டாக மனை பிரித்த இடங்களில் நம் குழி விதிப்படி இருக்கும், அடுத்தவர் குழி மதிலுக்கு அந்தப் பக்கம் நம் கிணற்றை ஒட்டி இருக்கும். தண்ணீருக்கு மதில் தெரியாது.

கிணறு சரியில்லாத இடமும் முழுக்கத் தள்ளுபடி அல்ல. இந்த நகரத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,800 மில்லிமீட்டர் மழை. ஆயிரம் சதுர அடிக் கூரையில் விழுவதில் நாலில் ஒரு பங்கு வீணானாலும் ஒன்றேகால் லட்சம் லிட்டர் தேறும். பத்தாயிரம் லிட்டர் தொட்டி ஒன்று இருந்தால், குடிக்கவும் சமைக்கவும் மட்டும் நாளொன்றுக்கு எண்பது லிட்டர் எடுக்கும் குடும்பம் நான்கு மாதம் ஓட்டிவிடலாம். மிச்சக் கூரைத் தண்ணீரை வடிகட்டிக் கிணற்றுக்குள் விடுவதைத் திருச்சூர் மாவட்டம் 2008-லேயே ‘மழப்பொலிமா’ என்ற திட்டமாகச் செய்து காட்டியது.

தண்ணீர் எங்கிருந்து வரும் என்பது பாதிக் கேள்விதான். எங்கே போகும் என்பது மறுபாதி. 2023 அக்டோபர் 15-ஆம் தேதி விடிந்தபோது ஆமையிழஞ்சான் கால்வாயை ஒட்டிய வீடுகளிலும் தெற்றியாறு பொங்கிய கழக்கூட்டம் பக்கமும் தண்ணீர் நுழைந்திருந்தது. டெக்னோபார்க்கின் ஒரு பகுதியும் தப்பவில்லை. 2020 மே மாதம், ஊரடங்கில் எல்லோரும் வீட்டுக்குள் இருந்தபோது, அருவிக்கரை அணையின் மதகுகள் திறக்கப்பட்டு கரமனையாற்றங்கரை வீடுகள் நனைந்தன. மேலே அணை உள்ள ஆற்றின் கரையில் மனை வாங்குகிறவர் நம் ஊர் மழையை மட்டும் கணக்குப் போட்டால் போதாது.

கடற்கரையைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. சங்குமுகத்தில் சாலையையே கடல் தின்றது. வலியதுறையில் வீடிழந்த மீனவக் குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் பழைய சிமென்ட் கிடங்கில் குடியிருந்தன. கடலிலிருந்து 50 மீட்டருக்குள் உள்ளவர்கள் வேறிடம் போக அரசே ‘புனர்கேகம்’ திட்டத்தில் பத்து லட்சம் ரூபாய் கொடுக்கிறது. அரசு காசு கொடுத்து வெளியேறச் சொல்லும் கரையில் ‘கடல் பார்த்த வீடு’ தேடுவதை என்னவென்று சொல்ல!

அப்படியானால் மலைக்குப் போய்விடலாமா? 2001 நவம்பர் 9 இரவு, இதே மாவட்டத்து அம்பூரியில் மலை சரிந்து ஏறக்குறைய நாற்பது பேர் மண்ணுக்குள் போனார்கள். வயநாட்டு முண்டக்கை நிலச்சரிவை நாடே பார்த்துவிட்டது. செங்குத்துச் சரிவு, மேலே இயற்கையான ஓடைப் பள்ளம், அதை மூடி மண் நிரப்பிய மனை: இந்த மூன்றும் சேர்ந்த இடத்தில் காற்றும் காட்சியும் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது. மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் இந்த ஊரிலேயேதான் இருக்கிறது. நிலச்சரிவு, வெள்ள அபாய வரைபடங்களை அது வெளியிட்டிருக்கிறது. பார்க்கக் காசு கிடையாது.

மிஞ்சுவது கடலுக்கும் மலைக்கும் இடைப்பட்ட நடுநாடு. நெடுமங்காடு, காட்டாக்கடை, போத்தன்கோடு பக்கத்து இளஞ்சரிவு வெட்டுக்கல் மேடுகள். அங்கும் ஜேசிபி வைத்து மேட்டைச் செங்குத்தாக வெட்டிச் சமமாக்கினால், நல்ல மனையே கெட்ட மனையாகிவிடும். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் நாலாஞ்சிறையில் பாறைச் சரிவொன்றில் தன் வீட்டைக் கட்டியபோது மேட்டை வெட்டவில்லை. சரிவு போன போக்கில் வீட்டையும் படிப்படியாக இறக்கிக் கட்டினார். ஐந்து மைல் சுற்றளவில் கிடைப்பதைக் கொண்டே வீடு கட்ட வேண்டும் என்ற காந்தியின் சொல்லை அவர் கடைசிவரை பிடித்துக்கொண்டிருந்தார்.

இடம் பிடித்துவிட்டால் வில்லேஜ் ஆபீஸுக்கு ஒரு நடை. வருவாய் ஆவணத்தில் ‘புரையிடம்’ என்றிருந்தால் நிம்மதி. ‘நிலம்’ என்றிருந்தால் அது நஞ்சை. மேலே ரப்பர் நின்றாலும் சரி, தென்னை நின்றாலும் சரி, 2008-ஆம் ஆண்டு நெல்வயல் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கும். நெல்வயல்களைப் பட்டியலிடும் டேட்டா பேங்கில் அந்த சர்வே எண் ஏறியிருக்கிறதா என்று பார்க்காமல் கையெழுத்துப் போட்டவர்கள் படும் பாடு தனிக் கட்டுரை.

இனி சாப்பாடு. 1942-இல் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்ததும் பர்மா அரிசி நின்றது. அதையே நம்பியிருந்த திருவிதாங்கூர் திண்டாடியது. நாஞ்சில் நாட்டு நெல் எம்மாத்திரம்! அன்று பல வீடுகளில் அடுப்பு எரிந்தது மரச்சீனியால். 1880-85 காலத்து மன்னர் விசாகம் திருநாள் ஊக்குவித்துப் பரப்பிய கிழங்கு அது. பிடுங்கினால் இரண்டு மூன்று நாளில் கெட்டுப்போகும். பிடுங்காமல் விட்டால் மண்ணுக்குள்ளேயே கிடக்கும், வேண்டும்போது ஒரு மூடு கிளப்பிக்கொள்ளலாம். கிடங்கு வேண்டாம். அரை வேக்காட்டில் வாட்டி வெயிலில் உணக்கினால் மாதக்கணக்கில் இருக்கும். ஸ்ரீகாரியத்தில் 1963 முதல் இயங்கும் மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் ஆறேழு மாதத்தில் விளையும் ரகங்களையும் கொடுத்திருக்கிறது. பத்து சென்டில் வீடு போக மிஞ்சும் இடத்தில் மரச்சீனி, தென்னை நிழலில் சேனையும் சேம்பும், மரத்தில் ஏற்றிவிட்ட காய்ச்சில், மூலையில் ஒரு பலா மரம். இதுதான் இந்த ஊரின் பழைய வீட்டு வளாகம். யாரும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

ஆனால் முழுத் தன்னிறைவு என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். கேரளத்துக்கு வேண்டிய அரிசியில் ஐந்தில் ஒரு பங்குகூட இங்கே விளைவதில்லை. மற்றதெல்லாம் வாளையாறும் களியக்காவிளையும் தாண்டி வர வேண்டும். பத்து சென்ட் ஒரு குடும்பத்துக்கு ஆண்டு முழுக்கச் சோறு போடாது. சில வாரம் பதறாமல் இருக்க வைக்கும். அதனால் ரேஷன் கடை, ஆரம்ப சுகாதார நிலையம், பேச்சுவார்த்தை உள்ள அண்டை வீட்டார் ஆகியவற்றையும் மனையின் விலையோடு சேர்த்தே நிறுக்க வேண்டும். ஊரை விட்டு ஒதுங்கிய ஒற்றை வீடு, மரம் விழுந்து சாலை அடைபட்ட அன்று சிறைதான்.

மின்சாரத்திலும் ஒரு ஏமாற்றம் காத்திருக்கிறது. கூரையில் சோலார் வைத்தாயிற்று, இனிக் கவலையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். பேட்டரி இல்லாமல் லைனோடு இணைத்த சோலார், லைனில் கரண்ட் போனதும் தானும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்யும் ஊழியருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. 2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் அடித்த பிறகு குமரி மாவட்டம் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தது. மோட்டார் ஓடாத அப்படிப்பட்ட நாள்களில் கப்பியும் கயிறும் உள்ள கிணற்றில்தான் தண்ணீர் கிடைக்கும். வீடு கட்டும்போது பலரும் அழகுக்காகக் கிணற்றை மூடி, கப்பியைக் கழற்றிவிடுகிறார்கள். கழற்றாதீர்கள்.

மனையை இரண்டு தடவை பார்க்க வேண்டும். பங்குனிக் கடைசியில் கிணற்றுக்காக. ஐப்பசியில் துலாவர்ஷ மழை இடிமுழக்கத்தோடு கொட்டும் ஒரு சாயங்காலம், குடையும் டார்ச்சுமாக, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, மதிலில் பழைய வெள்ளக் கறை எந்த உயரத்தில் இருக்கிறது என்பதற்காக. அன்றைக்குத் தரகர் கூட வரமாட்டார். அதுவும் நல்லதுக்குத்தான், அக்கம்பக்கத்தார் வாய்திறந்து பேசுவார்கள்.