பிரிக்பீல்ட்ஸிலிருந்து ஹாலே வரை

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் 1924இல் எழுந்த சீயோன் லுத்தரன் ஆலயம், மலாயாவுக்குப் பிழைக்க வந்த தமிழர்கள் கூடவே கொண்டுவந்த தரங்கம்பாடி லுத்தரன் மரபின் வீடு. அம்மரபின் வேரோ கிழக்கு ஜெர்மனியில், பயணிகள் அதிகம் எட்டிப்பார்க்காத இரண்டு ஊர்களில் இருக்கிறது. ஒன்று, மசாலா மணக்கும் கேக்குக்குப் பேர்போன புல்ஸ்னிட்ஸ். தரங்கம்பாடியில் அம்மரபைத் தொடங்கிய மறைப்பணியாளர் சீகன்பால்கு 1682இல் பிறந்த ஊர். மற்றொன்று அவர் படித்த ஹாலே. அங்கே வார்த்த தமிழ் எழுத்துகள் 1713இல் கடல் கடந்து தரங்கம்பாடிக்கு வந்தன. அளவில் பெரியவை, காகிதத்தை விழுங்கின. ஆகவே சிறிய எழுத்துகளைத் தரங்கம்பாடியிலேயே வார்த்து, 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார்கள்.

ஹாலேயின் ஃபிராங்கே நிறுவனத்தில் தமிழ் ஓலைச்சுவடிகள் இன்றும் பத்திரமாக உள்ளன. ஐரோப்பா போகும் தமிழர் அவற்றை அவசியம் பார்க்க வேண்டும்.