இக்கரை விலையும் அக்கரை விலையும்

'இக்கரைக்கு அக்கரை பச்சை' என்பது நம்மவர் பழமொழி. மட்டக்களப்பு நாட்டிலே அப்பழமொழி சொல்லளவில் நில்லாது, கண்ணெதிரே காட்சியாகவும் விளங்குகின்றது. ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளத்திற்கு நீண்டு கிடக்கும் வாவி, இந்நாட்டினை இரு கரைகளாக வகுத்துவைத்துள்ளது. ஞாயிறு எழுகின்ற திசையிலுள்ளது எழுவான்கரை. படுகின்ற திசையிலுள்ளது படுவான்கரை. எழுவான்கரையில் கடலும் தென்னஞ்சோலையும் நெடுஞ்சாலையும் சந்தையும் உள்ளன. படுவான்கரையில் வயலும் குளமும் காடும் மேய்ச்சற்றரையும் உள்ளன. அக்கரை உண்மையாகவே பச்சைதான். ஆயின், அப்பச்சைக் கரையிலே வாழ்வதற்கு ஆகும் செலவு யாது என்பதைப் பழமொழி சொல்லவில்லை. அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கிரானில் ஒரு மாரிக்காலை

மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், வாழைச்சேனைக்குச் சற்றுத் தெற்கே அமைந்த ஊர் கிரான். கோறளைப்பற்றுத் தெற்குப் பிரதேச செயலகம் இவ்வூர்ப் பெயராலேயே வழங்குகின்றது. ஆயினும், அச்செயலகப் பிரிவின் பெருநிலம் ஊருக்கு மேற்கே, நீருக்கு அப்பால், புலிபாய்ந்தகல், குடும்பிமலை எனப் பரந்து செல்கின்றது. உழுபவரும் கால்நடை வளர்ப்போரும் அங்கே. அலுவலகமும் கடைத்தெருவும் பேருந்தும் இங்கே. கோடையில் இதனால் பெருந்தொல்லை இல்லை. வடகீழ்ப் பருவமழை இறங்கி, மாதுறு ஓயா பெருக்கெடுத்துவிட்டாலோ, கிரானிலிருந்து புலிபாய்ந்தகல்லுக்குச் செல்லும் வீதி நீருள் மறைந்துபோகின்றது. பின்னர் படகே வழி.

அத்தகைய காலையொன்றில் துறையில் நின்று பார்ப்பவர், இரு கரைகளின் பொருளாதாரம் முழுவதையும் ஒரு படகிலேயே கண்டுவிடலாம். இங்கிருந்து செல்வன சீனி, மா, மண்ணெண்ணெய், மருந்து, பசளை. அங்கிருந்து வருவன பால், தயிர், மரக்கறி, நெல். இவற்றினிடையே பாதணியைக் கையில் ஏந்தியபடி ஆசிரியர் ஒருவர். புத்தகப் பையைத் தலைமேல் வைத்த மாணவன் ஒருவன். மருத்துவமனைக்குச் செல்லும் தாயொருத்தி. படகிற்குக் கட்டணம் இல்லாத நாளும் உண்டு. ஆனால், நேரம் எந்நாளும் இனாமன்று. படகிற்குக் காத்திருக்கும் பொழுதிலே பால் புளிக்கின்றது. கூலியாளின் அரைநாள் கழிகின்றது. பாடசாலையின் முதற்பாடம் முடிந்துவிடுகின்றது.

இந்நிலை கிரானுக்கு மட்டும் உரியதன்று. சற்றுத் தெற்கேயுள்ள சந்திவெளியிலிருந்து திகிலிவெட்டைக்கும் நீரைக் கடந்தே செல்லவேண்டும். இன்னுந் தெற்கே, குருக்கள்மடத்திற்கும் அம்பிளாந்துறைக்கும் இடையிலும், குறுமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையிலும், தலைமுறை தலைமுறையாக மக்களைச் சுமந்து வந்தது 'பாதை'. வெளியூரார் இச்சொல்லைக் கேட்டு மயங்குதல் கூடும். மட்டக்களப்பார் பாதை என்று குறிப்பிடுவது தரைவழியை அன்று; மனிதரையும் சைக்கிளையும் வாகனத்தையும் ஒருசேர ஏற்றி நீரைக் கடக்கும் மிதவைத் தளத்தையே அவர்கள் அவ்வாறு அழைப்பர். இப்பெயரின் பொருத்தத்தைப் பின்னர்க் காண்போம்.

விலைக்குள் மறைந்திருக்கும் விலை

அக்கரை உழவர் ஒருவர் தம் நெல்லை விற்கும்பொழுது, எழுவான்கரை விலையிலிருந்து ஏற்றுகூலியும் கடப்புக்கூலியும் கழிக்கப்பட்ட பின்னரே அவர் கையில் பணம் வருகின்றது. அதே உழவர் சீனியும் சீமெந்தும் வாங்கும்பொழுது, அதே கூலிகள் விலையோடு கூட்டப்படுகின்றன. எடுத்துக்காட்டாக, இக்கரையில் 100 ரூபாய் பெறுமதியுள்ள விளைபொருளுக்குக் கடப்புச்செலவு 10 ரூபாய் என்று கொள்வோம். அதற்கு அவர் பெறுவது 90. இக்கரையில் 100 ரூபாய் விற்கும் பண்டத்திற்கு அவர் கொடுப்பது 110. விற்கும்போதும் இழப்பு, வாங்கும்போதும் இழப்பு. எனவே, இருகரை வாழ்வுக்கும் இடையேயுள்ள வேறுபாடு பத்தன்று, இருபது. ஒரே நீர் அவரிடம் இருமுறை வரி வாங்குகின்றது.

எரிபொருள் விலை ஏறுங்கால் இச்சுமை இன்னும் கனக்கின்றது. 2022-ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியை நாம் மறந்திருக்க மாட்டோம். அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் ஒன்றின் விலை 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஒரே நாளில் உயர்ந்தது. நகரத்தாருக்கு அது பெரும்பாலும் அடுப்பங்கரைச் செய்தி. மண்ணெண்ணெயால் இயந்திரப் படகோட்டும் வாவிக்கரையாருக்கோ, அது தொழிலின் செய்தி, வழியின் செய்தி.

கல்விக்கும் இக்கணக்கு உண்டு. 1945 முதல் இந்நாட்டிலே கல்வி இலவசம் என்பது நாம் பெருமையோடு கூறும் உண்மை. வகுப்பிற்குக் கட்டணம் இல்லை. ஆனால், வகுப்பை அடைவதற்கு ஒரு செலவு உண்டு. 2024-ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் பெய்த பெருமழையால், க.பொ.த. உயர்தரப் பரீட்சை நாடு முழுவதிலும் சில நாள்கள் நிறுத்திவைக்கப்பட்டது. அன்றுதான் மற்ற மாணவரும் நீரினால் பரீட்சை தடைப்படுதல் யாதென அறிந்தனர். நீருக்கு அப்பாலுள்ள மாணவரோ ஒவ்வொரு மாரியிலும் அதனை அறிவர்.

நீர் எல்லையான காலம்

வாவி வெறும் நீராக மட்டும் இருந்ததுமில்லை. போர்க்காலத்தில், 2007 வரையில், படுவான்கரையின் பெரும்பகுதி விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலும், எழுவான்கரை நெடுஞ்சாலையும் நகரங்களும் அரசபடையினரின் கட்டுப்பாட்டிலும் இருந்தன. ஒரே மாவட்டத்தின் இரு கரைகள் இரு நாடுகள்போல் ஆயின. துறைகளிலே சோதனைச் சாவடிகள் எழுந்தன. எரிபொருள், சீமெந்து, மின்கலம் முதலியவற்றைக் கொண்டுசெல்லக் கட்டுப்பாடுகள் இருந்தன. எண்ணிப்பார்த்தால் வியப்பே மிகும். 2000-ஆம் ஆண்டில் டென்மார்க்கும் சுவீடனும் தம்மிடையேயுள்ள கடலைப் பாலமிட்டு இணைத்துக்கொண்டன. அதே காலத்தில், ஒரு நாட்டிற்குள்ளேயே, ஒரு மொழி பேசும் மக்களிடையே, ஒரு வாவி எல்லைக்கோடாக நின்றது.

வடபுலத்து அயலவர்

கரைக்குக் கரை விலை வேறுபடுதல் நமக்கு மட்டும் உரிய புதுமையன்று. நம்மவர் பலர் குடியேறி வாழும் நோர்வேயும் அதன் அயல்நாடாகிய சுவீடனும் இதற்குத் தக்க சான்றாவன. 1905 வரை ஓர் அரசனின் கீழிருந்த அவ்விரு நாடுகளும் போரின்றியே பிரிந்தன. 1952 முதல் வடபுல நாடுகளின் மக்கள் கடவுச்சீட்டின்றியே தம்முள் போய்வரலாயினர். ஸ்வினசுண்ட் என்னும் நீரிணையே தென்பகுதியில் இரு நாட்டிற்கும் எல்லை. அங்கே 1946-இல் திறக்கப்பெற்ற பழைய பாலமும் 2005-இல் திறக்கப்பெற்ற புதிய பாலமும் உள்ளன.

விடுமுறை நாளில் நோர்வே மக்கள் அப்பாலத்தைக் கடந்து, ஸ்ட்ரோம்ஸ்டாட் முதலிய சுவீடன் ஊர்களில் இறைச்சியும் பாற்கட்டியும் இனிப்பும் மதுவும் புகையிலையும் வாங்கித் திரும்புவர். அங்கே அவை மலிவு. 2020-இல் கொள்ளைநோயினால் எல்லை அடைபட்டபோது ஸ்ட்ரோம்ஸ்டாட் கடைகள் வெறிச்சோடின. நோர்வேக் கடைகளில் விற்பனை பெருகிற்று.

நோர்வேயில் உணவு ஏன் விலை கூடியது? 1972-இலும் 1994-இலும் நடந்த வாக்கெடுப்புகளில் அந்நாட்டு மக்கள் ஐரோப்பியக் கூட்டமைப்பிற் சேர மறுத்துவிட்டனர். சுவீடனோ 1995-இல் சேர்ந்தது. குளிர்மிக்க மலைச்சரிவுகளில் வேளாண்மை செய்யும் தன் உழவரைக் காக்கும்பொருட்டு, வெளிநாட்டு உணவுப்பொருள்மீது நோர்வே சுங்கவரி விதிக்கின்றது. நோர்வேயில் ஓர் இறாத்தல் பாணின் விலையை நம் ரூபாயாக மாற்றினால் நாம் திகைப்போம். ஆனால், அவ்வாறு மாற்றிப் பார்த்தல் சரியான அளவையன்று. அப்பாணை வாங்க அங்குள்ளவர் எத்தனை நிமிடம் உழைக்கவேண்டும் என்பதே அளவை. உழைப்பின் கூலி உயர்ந்த நாட்டில் விலையும் உயர்ந்திருத்தல் இயல்பு.

ஈண்டு இரு நீர்களுக்கும் இடையேயுள்ள வேறுபாட்டைத் தெளிதல் வேண்டும். நோர்வே மக்கள் மலிவை நாடி, விருப்பத்தோடு பாலங் கடக்கின்றனர்; கடவாது வீட்டிலிருந்தாலும் அவர்களின் வாழ்வு குன்றாது. நம் அக்கரையாரோ கடந்தேயாகவேண்டியவர். அங்கே மிகையாகக் கொடுக்கும் விலையில் ஒரு பகுதி உழவரைச் சேர்கின்றது. இங்கே மிகையாகக் கொடுக்கும் விலை உழவரிடமிருந்து கழிந்து நீரோடு போகின்றது.

ஓடமும் வீதியே

கடற்கழிகள் நாட்டினுள் நெடுந்தொலைவு புகுந்து கிடக்கும் நோர்வேயில், எல்லா இடத்திலும் பாலமிடுதல் இயலாது. ஆகவே, அந்நாட்டார் ஒரு முடிவு செய்தனர். நெடுஞ்சாலை நீரைச் சந்திக்குமிடத்தில் ஓடும் ஓடம், அந்நெடுஞ்சாலையின் ஒரு பகுதியே என்பது அம்முடிவு. சாலையைப் பேணும் கடமை அரசுக்கு இருப்பதுபோல, அவ்வோடத்தைப் பேணுங் கடமையும் பொதுவாயிற்று. பயணிகள் கட்டணம் போதாதபோது பொதுப்பணம் குறையை நிரப்புகின்றது.

மட்டக்களப்பார் தம் மிதவைக்குப் 'பாதை' என்று பெயரிட்டதன் பொருத்தம் இங்கே விளங்கும். நோர்வே சட்டத்தினால் நிலைநாட்டிய கருத்தை, நம் மக்கள் தம் பேச்சுவழக்கிலேயே என்றோ நிலைநாட்டிவிட்டனர். ஓடம் வேறு, வீதி வேறு என்று அவர்கள் எண்ணவில்லை. பெயரளவில் வழங்கிய அவ்வுண்மையைச் செயலளவில் வழங்குவதே எஞ்சியுள்ள பணி.

பாலம் தந்ததும் தராததும்

பாலம் அமைந்தால் யாவும் தீருமா? 1924-இல் கல்லடியில் அமைந்த பாலம் மட்டக்களப்பு நகரையும் கடற்கரை ஊர்களையும் இணைத்தது. 2013-இல் அதனருகே புதிய பாலம் எழுந்தது. 2014 ஏப்ரலில், யப்பான் நாட்டின் உதவியுடன், 210 மீற்றர் நீளமான மண்முனைப் பாலம் திறக்கப்பட்டது. முன்னர்ப் பாதைக்குக் காத்திருந்தோ, வலையிறவு வழியே சுற்றியோ கொக்கட்டிச்சோலைக்குச் சென்றவர்கள், இன்று சில நிமிடத்தில் வாவியைக் கடக்கின்றனர். நள்ளிரவில் நோயுற்றவரைக் கொண்டுசெல்ல விடியலை எதிர்நோக்கவேண்டியதில்லை. இதன் பயனைப் பணத்தால் அளத்தல் அரிது.

எனினும், பாலம் இருபுறமும் திறந்த வாயில் என்பதை மறத்தலாகாது. நெல் வெளியே செல்லும் அதே வழியில் நகரத்து வணிகமும் உள்ளே வருகின்றது. அக்கரைச் சிறுகடைக்காரர் போட்டியைத் தாங்கவேண்டியவராகின்றார். பாதையோட்டியவர் வேறு தொழில் தேடவேண்டியவராகின்றார். நெற்களஞ்சியமும் வங்கியும் மருத்துவமனையும் நல்ல உயர்தர வகுப்புகளும் இக்கரையிலேயே இருக்குமாயின், பாலத்தின்மீதும் அக்கரையாரே அலையவேண்டும். பயணத்தின் நேரம் குறையும், பயணம் குறையாது. ஆதலின், வாழ்க்கைச் செலவைக் குறைக்க மூன்று வழிகளும் வேண்டும்: இயலுமிடத்திற் பாலம்; அது வருமளவும் பொதுச்செலவில் பேணப்படும் பாதை; எஞ்ஞான்றும் அக்கரைக்குச் சென்று சேரும் சேவை.

பழந்தமிழ் நூல்களைப் பயின்றோர், அகநானூற்றில் வரும் உமணர் மகளை நினைவுகூர்வர். நெய்தல் நிலத்து உப்பை மருதநிலத்து நெல்லுக்கு ஒத்த அளவாக மாற்றுவதாக அவள் தெருவிலே கூவிச் செல்கின்றாள். கடற்கரைப் பொருளும் வயற்பொருளும் நிகரென நின்ற கணக்கு அது. எழுவான்கரை நம் நெய்தல். படுவான்கரை நம் மருதம். இவ்விரண்டிற்கும் இடையே அந்நிகர்மை இன்று இல்லை.

இவ்வாண்டு மாரியிலும் கிரான் துறையில் மக்கள் காத்து நிற்பர். அவர்களுள் ஒருவர் நம் தட்டிலுள்ள சோற்றை விளைவித்தவராயிருத்தல் கூடும். மற்றொருவர் நம் வகுப்பிற்குத் தாமதமாக வந்ததற்காக நாம் கடிந்துகொண்ட மாணவனாயிருத்தல் கூடும். அவன் தாமதமாக வந்தவனல்லன். நம்மைவிட முன்னரே வீட்டினின்றும் புறப்பட்டவன். அவன் கொடுத்த விலையை நம் கணக்கிலும் எழுதிக்கொள்ளுதல் நீதியன்றோ?