தொழிற்பயிற்சியும் அயல்நாட்டு உதவியும்

நம் சங்கங்களின் பொதுப் பேரவைக் கூட்டங்களில் அண்மைக் காலமாக ஒரு கேள்வி அடிக்கடி எழுகின்றது. "தொழிற்பயிற்சிக்கு உலக வங்கி பணம் கொடுக்கிறதாமே, அதனால் எங்கள் பிள்ளைகளுக்கு என்ன பயன்?" என்று அங்கத்தினர்கள் நம்மை வினவுகின்றனர். நியாயமான கேள்வி. தறியை விட்டு மகன் வெளியேறுவதையும், நிலத்தை விட்டு மகள் வேறு வேலை தேடுவதையும் நாள்தோறும் காண்கின்ற பெற்றோர் கேட்கும் கேள்வி இது. இதற்கு ஒரு சொல்லில் விடை கூற இயலாது. ஆகவே, இவ்வுதவி எவ்வாறு வருகிறது, எங்கே பயன்படுகிறது, எங்கே வீணாகிறது என்பவற்றை ஈண்டு முறையாக விளக்க முற்படுகின்றோம்.

உதவியின் வகைகள்

"உதவி" என்ற ஒரே சொல்லால் மூன்று வெவ்வேறு பொருள்களைக் குறிக்கின்றோம். முதலாவது, திருப்பித் தரவேண்டாத நன்கொடை. இலங்கையில் கிளிநொச்சியில் 2016-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இலங்கை-ஜெர்மன் பயிற்சி நிறுவனம் ஜெர்மனி அரசின் உதவியால் எழுந்தது. போரால் நலிந்த பகுதியில் இளைஞர்க்குத் தொழில் கற்பிக்க அமைந்தது அது. இரண்டாவது, நிபுணர்களின் அறிவுதவி. பாடத்திட்டம் வகுத்தல், ஆசிரியர்களைப் பயிற்றுவித்தல் போன்றவை இதில் அடங்கும். மூன்றாவது, கடன். இந்தியாவில் தொழிற்பயிற்சிச் சீர்திருத்தத்திற்கு வந்த பெருந்தொகைகள் பெரும்பாலும் இம்மூன்றாம் வகையையே சேர்ந்தவை. மானியத்திற்கும் கடனுக்கும் உள்ள வேற்றுமையைச் சங்க அங்கத்தினர்க்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. கடன் என்றால் தவணை உண்டு. அத்தவணையைச் செலுத்துபவர் இந்நாட்டு மக்களே. எனவே, அப்பணத்தின் பயனைக் கேட்கும் உரிமையும் நமக்கு உண்டு.

நம் நாட்டில் நடந்தது

கைவினைஞர் பயிற்சித் திட்டம் 1950-ஆம் ஆண்டு தொடங்கப் பெற்றது. அதன் வழியே தொழிற்பயிற்சி நிலையங்கள் தோன்றின. பின்னர் 1961-இல் தொழில் பழகுநர் சட்டம் இயற்றப்பட்டது. நிலையங்கள் பெருகின, இன்று அரசும் தனியாரும் நடத்துபவை 14,000-க்கு மேற்பட்டவை. ஆனால் எண்ணிக்கை வளர்ந்த வேகத்தில் தரம் வளரவில்லை. பழைய கடைசல் இயந்திரத்தில் பயின்றவன் ஆலைக்குச் சென்றபோது அங்கே கணினியால் இயங்கும் இயந்திரம் நின்றது. ஆசிரியர் பணியிடங்கள் பல காலியாகக் கிடந்தன. தொழில் நடத்துவோர்க்கும் பயிற்சி நிலையத்திற்கும் இடையே பேச்சு வழக்கே இல்லை.

இக்குறைகளைக் களையும் நோக்குடன், 2004-05 வரவு செலவுத் திட்டத்தில் 500 நிலையங்களை மேம்படுத்துவதாக மத்திய அரசு அறிவித்தது. நூறு நிலையங்கள் உள்நாட்டு நிதியால் மேம்படுத்தப்பட்டன. எஞ்சிய 400 நிலையங்களுக்காக 2007-இல் உலக வங்கி 28 கோடி டாலர் கடன் வழங்க இசைந்தது. செலவில் நான்கில் மூன்று பங்கை மத்திய அரசும், ஒரு பங்கை மாநில அரசும் ஏற்கும் முறை வகுக்கப்பட்டது.

இச்சீர்திருத்தத்தில் நாம் ஊன்றிக் கவனிக்கத்தக்கது, பணத்தைக் காட்டிலும் நிர்வாக முறையில் ஏற்பட்ட மாறுதலே ஆகும். நிலையந்தோறும் ஒரு நிர்வாகக் குழு அமைக்கப்பட்டது. தொழில் துறையைச் சேர்ந்தவர் தலைவர். நிலைய முதல்வர் செயலாளர். அதே 2007-இல் வெளிநாட்டுக் கடன் இன்றியே மற்றொரு திட்டமும் பிறந்தது. அதன்படி 1,396 அரசு நிலையங்களின் நிர்வாகக் குழுக்கள் சங்கங்களாகப் பதிவு செய்யப்பட்டு, ஒவ்வொன்றும் ரூ. 2.5 கோடி வரை வட்டியில்லாக் கடன் பெற வழி வகுக்கப்பட்டது. குழுவே கடன் பெற்று, குழுவே செலவைத் தீர்மானித்து, குழுவே கணக்குக் காட்டும் இம்முறை கூட்டுறவாளர்க்குப் புதிதன்று.

கருவி வந்தால் போதுமா?

இங்கே நம் அனுபவம் ஒன்றைக் கூறுதல் பொருந்தும். ஆய்வுப் பணியில் ஒரு நெசவாளர் சங்கத்திற்குச் சென்றபோது, அதன் பயிற்சிக் கூடத்தில் கணினி வழி இயங்கும் ஜக்கார்டு ஒன்றைக் கண்டோம். ஓர் அயல்நாட்டு உதவித் திட்டத்தின் கீழ் வந்தது. அதன்மேல் ஒரு பழைய வேட்டி போர்த்தியிருந்தது. பயிற்சி பெற்றவர் அறுவர். அவருள் நால்வர் வேறு ஊர்களுக்குப் போய்விட்டனர். பழுதான ஒரு சிறு பகுதியை மாற்றச் சங்கத்தில் நிதி ஒதுக்கப்படவில்லை. ஆனால் இருப்புப் புத்தகத்தில் அவ்வியந்திரம் சொத்தாக அழகாக எழுதப்பட்டிருந்தது. கணக்குச் சரியாக இருந்தமையால் நாமும் கையொப்பமிட்டுத் திரும்பினோம். அடுத்த ஆண்டும் அவ்வாறே செய்தோம். மூன்றாம் ஆண்டில் ஒரு மூதாட்டி, "இது எப்போது ஓடும், ஐயா?" என்று கேட்ட பிறகே, நாம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அதுவென உணர்ந்தோம்.

கடன் கொடுப்போரும் காலப்போக்கில் இதே பாடத்தைக் கற்றனர். 2017 டிசம்பரில் உலக வங்கி ஒப்புக்கொண்ட 12.5 கோடி டாலர் திட்டம் 'ஸ்டிரைவ்' எனப்படுவது. அதில் வாங்கிய பொருளுக்கேற்பப் பணம் வரவில்லை. எய்திய பயனுக்கேற்பவே வந்தது. உடன்படிக்கையில் குறித்த இலக்கை எட்டியதாகச் சரிபார்க்கப்பட்ட பின்னரே தொகை விடுவிக்கப்பட்டது. இம்முறை நன்றே; எனினும் எண்ணிக்கையை நிறைவு செய்வதே நோக்கமாகிவிடும் ஆபத்தும் இதில் உண்டு என்பதை மறத்தலாகாது.

ஜெர்மன் முறையின் உட்பொருள்

தொழிற்பயிற்சி பற்றிப் பேசும் நிபுணர் யாவரும் ஜெர்மனியின் இரட்டை முறையைப் போற்றுவர். அங்கே பழகுநன் வாரத்தில் மூன்று அல்லது நான்கு நாள் தொழிற்கூடத்திலும், எஞ்சிய நாள்கள் பள்ளியிலும் பயில்கின்றான். பயிலுங்காலத்தே ஊதியமும் பெறுகின்றான். 1969-ஆம் ஆண்டுச் சட்டம் இதனை நாடு முழுதும் ஒழுங்குபடுத்தியது. இம்முறையைப் பிற நாடுகளில் நடுவதற்குப் பலமுறை முயன்றுள்ளனர். எல்லா இடத்தும் அது வேரூன்றவில்லை. காரணம் யாது? ஜெர்மனியில் தேர்வு நடத்துவதும் பயிற்சியை மேற்பார்வையிடுவதும் தொழில் நடத்துவோரின் மன்றங்களே. அம்மன்றங்கள் இல்லாத இடத்தில் பாடத்திட்டம் மட்டும் வந்தால், பாவு இல்லாத் தறியில் ஊடை கோத்த கதையாகும்.

கைத்தறித் துறையில் அத்தகைய மன்றம் ஏது? நம் கூட்டுறவுச் சங்கமே அது. நூல் கொடுப்பதும், கூலி தீர்மானிப்பதும், துணியின் தரம் பார்ப்பதும் சங்கம். எந்த வேலைக்கு எத்தகைய கைத்திறன் வேண்டும் என்பதை அதனினும் அறிந்தவர் இலர். தந்தையிடம் தறியில் கற்பதும் பயிற்சியே. அதற்குச் சான்றிதழ் இல்லை என்பதே குறை.

இனி வரவிருப்பது

2025 மே மாதத்தில் மத்திய அமைச்சரவை ரூ. 60,000 கோடித் திட்டம் ஒன்றிற்கு ஒப்புதல் அளித்தது. 1,000 அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களை மேம்படுத்துவது அதன் குறிக்கோள். மத்திய அரசின் பங்கு ரூ. 30,000 கோடி, மாநிலங்களின் பங்கு ரூ. 20,000 கோடி, தொழில் துறையின் பங்கு ரூ. 10,000 கோடி. மத்திய அரசின் பங்கில் பாதி அளவிற்கு உலக வங்கியும் ஆசிய வளர்ச்சி வங்கியும் சரிசமமாக நிதியளிக்கும் என்று அறிவிக்கப்பட்டது. ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் ஐந்து தேசிய நிறுவனங்களைச் சிறப்பு மையங்களாக உயர்த்தவும் முடிவாயிற்று. அவற்றுள் ஒன்று சென்னையில் உள்ளது.

இதில் தொழில் துறை என்று கூறப்படுவது யார்? பெரிய ஆலைகள் தாமாகவே முன்வரும். நெசவாளரும் உழவரும் வாய் திறவாதிருப்பின், இயந்திரங்களும் பாடங்களும் ஆலைகளின் தேவைக்கேற்பவே அமையும். அதில் எவர்மீதும் குறை கூறுவதற்கில்லை, கேட்டவர்க்கே கிடைக்கும்.

சங்கங்கள் செய்யத்தக்கவை

முதலாவதாக, அருகிலுள்ள தொழிற்பயிற்சி நிலையத்தின் நிர்வாகக் குழுவில் உள்ளவர் யாவர் என்பதைச் சங்கம் அறிதல் வேண்டும். சாயமிடுதல், தறி பழுது பார்த்தல், மோட்டார் பம்பு பழுது பார்த்தல் போன்ற குறுகிய காலப் பயிற்சிகளைக் கோரி எழுதுதல் வேண்டும். இரண்டாவதாக, பழகுநர்களைச் சங்கத்தில் ஏற்க இயலுமா என ஆராய்தல் வேண்டும். மூன்றாவதாக, இலாபத்திலிருந்து நாம் செலுத்தும் கூட்டுறவுக் கல்வி நிதி, வெறும் கட்டாயச் செலவாக நின்றுவிடாமல், அதன் பயன் நம்மை வந்தடைகிறதா என்று வினவுதல் வேண்டும். நான்காவதாக, எவ்வுதவியால் எக்கருவி வந்தாலும், அதைப் பெறுமுன் இரு கேள்விகளைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி விடை காணுதல் வேண்டும்: இதனைக் கற்பிப்பவர் யார்? உதவி நின்ற பின் பழுது பார்க்கும் செலவை ஏற்பவர் யார்?

நாம் மேலே கூறிய சங்கத்தில் அவ்வியந்திரம் இப்போது ஓடுகின்றது. அங்கத்தினர்கள் பொதுப் பேரவையில் பேசி, பராமரிப்புக்கென ஆண்டுதோறும் ஒரு சிறு தொகையை ஒதுக்கினர். முன்பு பயின்ற அறுவரில் ஊரிலேயே தங்கிய ஒரு பெண்மணி இன்று பிறர்க்குக் கற்பிக்கின்றார். கருவி கடல் கடந்து வந்தது. அதனை ஓடச் செய்த தீர்மானம் உள்ளூரில் நிறைவேறியது. ஏனைய சங்கங்களும் அத்தகைய தீர்மானத்தை அடுத்த பேரவைக் கூட்டத்திலேயே நிறைவேற்றுமாறு கேட்டுக்கொள்கின்றோம்.