ஒரு ‘க்’ குறைந்தால்

கெங்குவார்பட்டி வாசகர் ஒருவர் தாம் எழுதிய சிறுகதையை அனுப்பி, கூடவே ஒரு கேள்வியும் வைத்திருந்தார்: ‘சொற்கள் சப்பென்று இருப்பதாக நண்பர்கள் சொல்கிறார்கள். எந்த அகராதி வாங்கலாம்?’

அகராதிக்கென்ன பஞ்சம்? சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியில் லட்சத்துக்கு மேல் சொற்கள். கரிசல் பேச்சுக்கென்றே கி. ராஜநாராயணன் 1982இல் ஒன்று கொண்டுவந்தார். வாங்கி வையுங்கள், வீண்போகாது. ஆனால் ஒரு சொல்லுக்கு எதிரே நாலு சொல்லை நிறுத்தும் அகராதி, அந்த நாலும் ஒன்றல்ல என்பதை அவ்வளவாகச் சொல்லாது. எனக்கு அதைச் சொன்னது மாந்தோப்பு. சின்ன வயதில் பெரியகுளத்துப் பக்கம் மாமா தோப்பில், “செங்காயாப் பாத்து எடுத்தா” என்றார். மஞ்சளாய்க் கிடந்ததையெல்லாம் அள்ளிப் போனேன். அமுக்கிப் பார்த்துப் பாதியை ஒதுக்கினார்: “இதெல்லாம் வெம்புனதுடா.” செங்காய் முற்றிப் பழுக்கப்போவது. வெம்பியது முற்றாமலே நிறம் மாறியது. இன்றைக்கும் யாராவது ‘வெம்பிப்போனான்’ என்று எழுதினால் என் பல் கூசுகிறது. ‘வருத்தமடைந்தான்’ என்றால் ஒன்றும் கூசுவதில்லை.

இனி வாசகரின் கதை. ஜல்லிக்கட்டு. நாயகன் ‘சீறி வந்த காளையை அடக்கினான்’. டி.வி.க்காரர் சொல்வது போலவே இருக்கிறது.

உங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் வத்தலக்குண்டு. 1912இல் சின்னமனூரில் பிறந்து அங்கே வளர்ந்தவர் சி. சு. செல்லப்பா. அவருடைய ‘வாடிவாசல்’ குறுநாவலில் வருகிறவன் மாடு அணைகிறவன். இந்தச் சொல்லிடம் எனக்குத் தீராத மயக்கம் உண்டு. பிடிப்பதென்றால் கோழியையும் பிடிக்கலாம், திருடனையும் பிடிக்கலாம். அடக்குகிறவன் மேலே நிற்கிறவன். தழுவுவது கலித்தொகைக் காலத்துச் சொல். இன்று அதில் பாடப்புத்தக வாசனை. குழந்தையை அணைக்கிறோம், விளக்கை அணைக்கிறோம், மஞ்சளாற்றின் குறுக்கே 57 அடிக்கு அணை கட்டியிருக்கிறோம். அங்கெல்லாம் கை நம் கை. ‘அணைகிறவன்’ என்னும்போது ஒரு ‘க்’ குறைகிறது. அவன் தானாகப் போய் ஒட்டுகிறான். திமிலைக் கட்டிக்கொண்டு, நெஞ்சு விலாவோடு உரச, கொம்பு எட்டாத அந்த ஒரு சாண் இடத்தில் கிடக்கிறான். ஒட்டியிருக்கும்வரை தப்பித்தான், விலகினால் குடல் சரியும். பயம், நெருக்கம், மாட்டின் வியர்வை எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது.

யாரையும் ஒட்டவிடாமல் நின்று விளையாடிய மாட்டுக்கும் பரிசு கொடுக்கிறோம். அடக்குவதுதான் விளையாட்டு என்றால் அந்தப் பரிசு எதற்கு? இதை யோசிக்காமலே வருஷா வருஷம் தை மாதம் ‘அடக்கினார், அடக்கினார்’ என்று ஒலிபெருக்கியில் கத்திக் கத்தி, கையிலிருந்த சொல்லைத் தொலைத்துக்கொண்டிருக்கிறோம். கதை எழுதுகிறவராவது அதைப் பொறுக்கி எடுத்து வைக்க வேண்டாமா?

மாடு அவிழ்க்கிற வீட்டுத் திண்ணையில் ஒரு சாயங்காலம் போய் உட்காருங்கள். காரி எது, மயிலை எது, செவலை எது என்று கேளுங்கள். அவர்கள் பேச்சை நிறுத்த மாட்டார்கள். கதையைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ‘அடக்கினான்’ என்ற இடத்தில் மட்டும் பென்சிலால் சுழித்திருக்கிறேன். திருத்தியதை அனுப்புங்கள்.