ஒரு தரவு, மூன்று படிகள்

கணினியின் வட்டு என்றேனும் ஒருநாள் பழுதாகும். ஒரு நிறுவனத்தின் கணக்குகள் யாவும் ஒரே வட்டில் இருப்பின், வட்டோடு கணக்கும் அழியும். இதனைத் தவிர்க்கத் தரவைப் பல கணினிகளில் பிரித்தும் படியெடுத்தும் வைக்கும் மென்பொருள்கள் தோன்றின. அவை பரவல் தரவுத்தளங்கள் எனப்படும். அவற்றுள் ஒன்று அப்பாச்சி கசாண்ட்ரா. முகநூல் நிறுவனத்தில் உருவான இது, 2008ஆம் ஆண்டு திறந்த மூல மென்பொருளாக வெளியிடப்பட்டது. கசாண்ட்ரா என்பது, வருவதை முன்னுரைத்தும் எவராலும் நம்பப்படாத டிராய் நகர இளவரசியின் பெயர். பலர் நம்பித் தரவை ஒப்படைக்கும் மென்பொருளுக்கு இப்பெயர் வாய்த்தது வியப்பே.

இதில் இணையும் ஒவ்வொரு கணினியும் கணு எனப்படும். கணுக்களின் தொகுதி கொத்து எனப்படும். கொத்தில் தலைமைக் கணு என ஒன்றில்லை. ஒவ்வொரு தரவுக்கும் எத்தனை படிகள் வேண்டும் என்பதை நிறுவுவோரே முடிவு செய்வர், பெரும்பாலும் மூன்று. எழுதும்போது இரு கணுக்கள் ஒப்புதல் தரவேண்டும், படிக்கும்போதும் இரு கணுக்களைக் கேட்கவேண்டும் என விதித்தால், அவ்விரு இணைகளுக்கும் பொதுவாக ஒரு கணுவேனும் அமையும். ஆதலால் ஒரு கணு செயலிழந்தாலும் அண்மையில் எழுதிய தரவு கிடைக்கும்.

லினக்ஸ் சேவையகத்தில் இதனை நிறுவுதல் அரிய செயலன்று. 5.0 பதிப்பிற்கு ஜாவா 11 அல்லது 17 முன்னதாக இருத்தல் வேண்டும். பின்னர் உபுண்டு போன்ற இயங்குதளங்களில் ஓரிரு கட்டளைகளில் பணி முடிந்துவிடும். இடர் அதன்பின்னரே தொடங்குகிறது. நிறுவியவுடன் மென்பொருள் தானே இயங்கத் தொடங்கி, ‘டெஸ்ட் கிளஸ்டர்’ என்னும் பெயரைத் தன் வட்டில் பதித்துக்கொள்ளும். அதன்பின் அமைவுக் கோப்பில் கொத்தின் பெயரை மாற்றினால், இரு பெயர்களும் பொருந்தாமையால் கணு இயங்க மறுக்கும். சேவையை நிறுத்தி, பயனர் தரவு ஏதும் சேராத அந்நிலையிலேயே பழைய பதிவுகளை நீக்கிவிட்டு, அமைவைத் திருத்தித் தொடங்குவதே நேரிய வழி.

அக்கோப்பில் கணு தன் முகவரியாகத் தன்னையே குறித்திருக்கும். வலையமைப்பு முகவரியை இடாவிடில் பிற கணுக்கள் அதனைக் காணா. புதிய கணு முதலில் எவற்றை அணுகவேண்டும் என்பதையும் ‘விதைக் கணுக்கள்’ என்னும் பட்டியலில் குறிக்கவேண்டும். கணுக்கள் தமக்குள் பேசுவதற்கு 7000ஆம் வாயிலும், பயனர் நிரல்களுக்கு 9042ஆம் வாயிலும் தீச்சுவரில் திறக்கப்படும். அவையும் உரிய கணினிகளுக்கு மட்டுமே. ஏனெனில் தொடக்க அமைவில் கசாண்ட்ரா எவரிடமும் கடவுச்சொல் கேட்பதில்லை! அச்சோதனையை இயக்கினாலும் முதற்பயனரின் பெயரும் கடவுச்சொல்லும் ‘கசாண்ட்ரா’ என்ற ஒரே சொல்லே. அதனை உடனே மாற்றாதோர் பூட்டின்மேல் சாவியைத் தொங்கவிட்டவர் ஆவர்.

கடிகாரத்தைப் பலர் பொருட்படுத்துவதில்லை. ஒரே தரவுக்கு இரு மதிப்புகள் வந்தால், பிந்திய நேரமுத்திரை கொண்டதையே கசாண்ட்ரா ஏற்கும். ஒரு கணுவின் கடிகாரம் ஐந்து நொடி முந்தி ஓடுவதாகக் கொள்வோம். அதன் வழியே ஒருவர் எழுதிய முகவரியை இரண்டு நொடி கழித்து மற்றொரு கணுவின் வழியே திருத்தினால், திருத்தம் பழையதெனக் கருதப்பட்டு மறையும். பிழைச்செய்தியும் வாராது. எனவே எல்லாக் கணுக்களின் கடிகாரங்களும் ஒத்தியங்குமாறு முதலிலேயே செய்தல் வேண்டும்.

‘நோட்டூல் ஸ்டேட்டஸ்’ என்னும் கட்டளை கணுக்களின் நிலையைக் காட்டும். எல்லாம் நலமெனத் தெரிந்தபின் ஒரு கணுவை வேண்டுமென்றே நிறுத்திப் பார்ப்பது நல்ல சோதனை. நின்ற கணுவுக்குரிய எழுத்துகளைப் பிற கணுக்கள் மூன்று மணி நேரம் குறித்துவைத்து, அது மீண்டதும் ஒப்படைக்கும். அதற்குமேல் தாமதமானால் ‘நோட்டூல் ரிப்பேர்’ கட்டளையால் படிகளை ஒப்பிட்டுச் சீர்செய்ய வேண்டும். நீக்கப்பட்ட தரவின் அடையாளம் வழக்கமாகப் பத்து நாள்களே காக்கப்படும். அக்காலத்தைத் தாண்டி வந்த கணுவை அப்படியே சேர்த்தால், அழித்த பதிவுகள் மீண்டும் தோன்றக்கூடும்.