லேபிளில் எண்ணும் தேதியும் ஒழுங்காகத் தெரிய...

விஷுவல் பேசிக்கில் ஃபார்ம் ஒன்றை உருவாக்கி, டேபிளில் உள்ள தகவலை லேபிளுடன் இணைத்துவிட்டீர்கள். ரன் செய்தால் தகவல் வருகிறது, ஆனால் பார்க்க நன்றாக இல்லை. இதைச் சரிசெய்ய ஒரு வரி புரோகிராம்கூட எழுத வேண்டாம்.

உதாரணத்துக்கு, பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் விவரங்களை ஒரு டேபிளில் பதிந்தேன். அரியலூர் 2001 ஜனவரி 1ல் தனி மாவட்டமானது. 2002 மார்ச் 31ல் மறுபடியும் பெரம்பலூருடன் இணைக்கப்பட்டது. 2007 நவம்பர் 23ல் திரும்பவும் பிரிந்தது. 2011 கணக்கெடுப்பின்படி அரியலூரில் 7,54,894 பேர், பெரம்பலூரில் 5,65,223 பேர்.

ஆனால் லேபிளில் 754894 என்றுதான் வரும். விண்டோஸில் அமெரிக்க முறை இருந்தால் தேதி 11/23/2007 என்று தெரியும்.

சிலர் டேபிளிலேயே "7,54,894 பேர்" என்று டெக்ஸ்ட்டாக டைப் செய்துவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள்! பிறகு இரண்டு மாவட்டங்களையும் கூட்டி 13,20,117 என்ற விடையைப் பெற முடியாது. டேபிளில் எண் எண்ணாகவே இருக்கட்டும். அலங்காரம் லேபிளோடு நிற்கட்டும்.

லேபிளைத் தேர்வு செய்து, பிராபர்ட்டீஸ் விண்டோவில் டேட்டா பைண்டிங்ஸ் என்பதை விரித்து, அட்வான்ஸ்டு என்பதற்கு எதிரே உள்ள மூன்று புள்ளிகளைக் கிளிக் செய்யுங்கள். ஒரு டயலாக் பாக்ஸ் தோன்றும். இடப்பக்கம் டெக்ஸ்ட் என்பதைத் தேர்வு செய்யுங்கள். ஃபார்மேட் டைப்பில் கஸ்டம் என்பதைத் தேர்ந்து, #,##0 பேர் என்று டைப் செய்தால் போதும். கமா நம் லட்சக் கணக்கில் விழ, கன்ட்ரோல் பேனலின் ரீஜன் பகுதியில் இங்கிலீஷ் (இந்தியா) இருக்க வேண்டும்.

தேதிக்கும் கஸ்டம்தான். டி இரண்டு, புள்ளி, எம் இரண்டு, புள்ளி, ஒய் நான்கு. எம் மட்டும் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். சிறிய எம் என்றால் நிமிடம், 23.00.2007 என்று வந்து நிற்கும்!

இன்னொன்று. "இணைப்பு நாள்" என்ற கட்டம் பெரம்பலூருக்குக் காலியாக இருக்கும். அதே டயலாக் பாக்ஸில் நல் வேல்யூ என்ற இடத்தில் "இல்லை" என்று டைப் செய்துவிடுங்கள். லேபிள் வெறுமையாக நிற்காது.