சர்க்கரைப் புட்டியும் நீர்ச்செடியும்



நிலத்தில் வளரும் செடிக்கும் நீருக்குள் வளரும் செடிக்கும் உணவு ஒன்றுதான். கரியமிலவாயுவையும் நீரையும் கொண்டு, ஒளியின் துணையால் சர்க்கரை செய்து கொள்வதே இரண்டின் தொழிலும். ஆயினும் நீர்ச்செடிக்கு ஒரு பெரிய இடர்ப்பாடு உண்டு. காற்றில் பரவுவதைப் போல வாயு நீரில் எளிதாகப் பரவுவதில்லை. ஏறத்தாழப் பதினாயிரம் மடங்கு மெதுவாகவே பரவுகிறது. மேலும், நம் வீட்டுக் காற்றோடு சமநிலையில் நிற்கும் ஒரு லிட்டர் நீரில் கரைந்திருக்கும் கரியமிலவாயு ஒரு மில்லிகிராம்கூட இராது. ஆறு குளங்களில் அடிச்சேறு அழுகி அக்குறையை ஓரளவு நிரப்புகிறது. கண்ணாடித் தொட்டியில் அதற்கு வழியில்லை. செடி பட்டினி கிடக்கிறது, பாசி படர்கிறது.

இந்தப் பட்டினியைத் தீர்க்கும் மிக மலிவான கருவி, சர்க்கரைக் கரைசலும் ஈஸ்டும் அடங்கிய ஒரு பிளாஸ்டிக் புட்டிதான். ஈஸ்டு என்பது ரொட்டியை உப்பச் செய்யும் நுண்காளான். சர்க்கரையைத் தின்று அதைச் சாராயச்சத்தாகவும் கரியமிலவாயுவாகவும் பிரித்துவிடுகிறது. 100 கிராம் சர்க்கரை முழுவதும் நொதித்தால் சுமார் 50 கிராம் வாயு, அதாவது 25 லிட்டருக்கும் மேல், கிடைக்கும். ஒரு குழாயின் வழியே அதனைத் தொட்டிக்குள் நுண்ணிய குமிழிகளாக விடுகிறோம், அவ்வளவே.

நொதிக்கும் வாயுவை நீரில் கரைக்கும் எண்ணம் புதியதன்று. இங்கிலாந்து நாட்டு லீட்ஸ் நகரில் 1767ஆம் ஆண்டில் ஜோசப் பிரீஸ்ட்லி என்பவர் ஒரு மதுவடிப்புச் சாலைக்கு அண்டை வீட்டில் குடியேறினார். நொதிக்கும் தொட்டிகளின் மேல் தேங்கி நின்ற வாயுவை நீரில் கரைத்துப் பார்த்தார். 1772இல் அம்முறையை ஒரு சிறு நூலாக வெளியிட்டார். நாம் குடிக்கும் சோடாவின் தொடக்கம் அதுவே. அவரேதான் 1771இல், மெழுகுவத்தி எரிந்து கெட்டுப்போன காற்றைப் புதினாத் தழை மீண்டும் நல்லதாக்கிவிடுவதைக் கண்டவர். நம் கருவியின் இரு முனைகளையும், புட்டியையும் செடியையும், ஒரே மனிதர் தொட்டிருக்கிறார் என்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும்.

இனி, கருவி பழுதுபட்டால் என்ன செய்வது? இங்கு ஓர் உண்மைச் சான்று கூறுகிறேன். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை இன்று தொழிற்சாலைகள் நிறைந்திருக்கின்றன. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் மோட்டார் ஆலை உற்பத்தியைத் தொடங்கியபின் இவ்வட்டாரத்தின் முகமே மாறிவிட்டது. மாத்தூர், வல்லம் முதலிய ஊர்களில் வாடகை அறைகளில் தங்கி முறைவேலை பார்க்கும் இளைஞர்கள் பலர். அவர்களில் ஒருவர் என் பழைய மாணவர். ஓர் ஆலையில் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறார். சென்னை கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் மீனும் செடியும் வாங்கி வந்து, அறையில் தொட்டி அமைத்திருக்கிறார்.

"ஐயா, புட்டியில் நுரை பொங்குகிறது, தொட்டியில் ஒரு குமிழிகூட வருவதில்லை. மூன்று முறை சர்க்கரையை மாற்றிவிட்டேன். ஈஸ்டையும் இரட்டிப்பாக்கினேன்" என்றார்.

"தம்பி, புட்டியில் நுரை வருகிறதென்றால் ஈஸ்டு தன் கடமையைச் செய்கிறது. பிறந்த வாயு வழியில் எங்கோ போகிறது. உன் ஆலையில் காற்றழுத்தக் குழாய் கசிந்தால் எப்படிக் கண்டுபிடிப்பாய்?" என்று கேட்டேன்.

அவர் சிரித்துவிட்டார். சோப்பு நீரைத் தடவினோம். மூடியில் குழாய் நுழையும் துளையைச் சுற்றிக் குமிழிகள் பூத்தன. துளை சற்றுப் பெரிதாகிவிட்டிருந்தது. ஈரம் துடைத்து, எம்-சீல் வைத்து, ஒரு நாள் உலரவிட்டால் அது தீர்ந்துவிடும்.

ஆனால் அப்போது அவர் தற்செயலாகச் சொன்ன ஒரு செய்திதான் என்னைத் திடுக்கிடச் செய்தது. அவர் பயன்படுத்தியது மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்றும் குழாய். அதில் குழாயை நெரித்து மூடும் சிறு சக்கரம் உண்டல்லவா? இரவில் செடி வாயுவை உண்பதில்லை என்பதனால், வாயு வீணாகாதிருக்கச் சக்கரத்தை இரவெல்லாம் மூடி வைப்பாராம்! ஈஸ்டுக்கு இரவு பகல் தெரியாது. மூடி கசிந்துகொண்டிருந்தவரை அக்கசிவே அவரைக் காத்து வந்தது. கசிவை அடைத்தபின் சக்கரத்தையும் மூடினால் அழுத்தம் ஏறி, புட்டி வெடிக்கும். அல்லது மூடி பறக்கும். ஒரு பழுதை நீக்கும்போது அது எந்த ஆபத்தை மறைத்துக் கொண்டிருந்தது என்றும் பார்க்க வேண்டும். எனவே சக்கரத்தை ஒருபோதும் முழுவதும் மூடலாகாது. கண்ணாடிப் புட்டியை இதற்குக் கையால் தொடவும் வேண்டா. அழுத்தம் தாங்கும்படி செய்த சோடா புட்டியே தகுந்தது. சின்னஞ்சிறு அறையில் வாயு சேர்ந்துவிடுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. ஒரு மனிதன் ஒரு நாளில் மூச்சில் விடும் கரியமிலவாயு ஏறக்குறைய ஒரு கிலோ. புட்டி முழுவதும் இரண்டு வாரத்தில் தருவது அதில் சிறு பங்கே.

நுரையே வரவில்லையானால் குற்றம் புட்டிக்குள் இருக்கிறது. பெரும்பாலும் கொதிநீரில் ஈஸ்டைப் போட்டுக் கொன்றிருப்பார்கள். கை பொறுக்கும் இளஞ்சூடே போதும். ஒன்றரை லிட்டர் நீருக்கு 300 கிராம் சர்க்கரையும் கால் தேக்கரண்டி ஈஸ்டும் சரியான அளவு. முதலில் வேகமாகப் பொங்கிச் சில நாளில் ஓய்ந்துவிட்டால், ஈஸ்டு மிகுதி. அல்லது வெயில் மிகுதி. நம் மே மாதத்து உஷ்ணத்தில் நொதித்தல் விரைந்து, சாராயச்சத்து சேர்ந்து, அதுவே ஈஸ்டை மயக்கிக் கொன்றுவிடுகிறது. சர்க்கரை மிஞ்சியிருந்தும் பயனில்லை. ஈஸ்டைக் குறைத்து, புட்டியை ஒரு வாளி நீரில் நிறுத்தி வையுங்கள்.

குழாய் வழியே வெண்ணுரை தொட்டிக்குள் வந்தால், இடையில் பாதி நீர் நிரப்பிய இன்னொரு புட்டியை வைக்க வேண்டும். நுரை அதில் தங்கும். குமிழிகளை எண்ணவும் வசதி. தொட்டிநீர் பின்வாங்கிப் புட்டிக்குள் வடியாதிருக்க ஒருவழி வால்வு ஒன்றும் தேவை.

குமிழிகள் வருகின்றன; செடியோ தேறவில்லை. அப்படியானால் குமிழி பெரிதாக இருந்து, கரையாமலே மேலே போய் உடைகிறது என்று பொருள். நீரின் சூடு ஏற ஏற வாயு கரைவதும் குறையும். 20 பாகையில் கரைவதைவிட 30 பாகையில் ஏறக்குறையக் கால் பங்கு குறைவாகவே கரையும். நுண்துளைக் கல்லைத் தொட்டியின் அடியில் வைப்பதும், நீரோட்டம் குமிழியைச் சுற்றிச் சுழற்றும்படி செய்வதும் பரிகாரம். காற்றுப் பம்பைப் பகலில் ஓட்டினால் சேர்த்த வாயுவை அதுவே வெளியேற்றிவிடும்.

இரவில் அதே பம்பு மீன்களின் உயிர்த்துணை. இருளில் செடியும் பிராணவாயுவை உட்கொள்கிறது; புட்டியும் ஓயாமல் வாயுவை ஊட்டுகிறது. விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுமானால், கருவியைப் பற்றிய ஆராய்ச்சியை நிறுத்திவிட்டு, முதலில் குழாயைத் தொட்டியிலிருந்து எடுத்துவிட்டுப் பம்பை ஓட்டுங்கள். லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் போகாதிருப்பது நலம். இதனைக் காட்ட, நீலம், பச்சை, மஞ்சள் என நிறம் மாறும் திரவம் கடைகளில் கிடைக்கிறது. நீலம் பற்றாக்குறை, பச்சை அளவு, மஞ்சள் அபாயம். நிறம் மாற ஓரிரு மணி நேரம் பிடிக்கும் என்பதனால், மீனின் வாயைக் கவனிப்பதை விட்டுவிடக் கூடாது.

குழாயின் முனையில் வருவது கரியமிலவாயுதானா என்று ஐயம் கொள்பவர்கள், அதனைச் சிறிது தெளிந்த சுண்ணாம்பு நீரில் விட்டுப் பாருங்கள். நீர் பால்போல் வெளுக்கும். அத்துடன் எடுத்துவிடாமல் மேலும் விட்டுக்கொண்டே இருங்கள். வெண்மை மெல்ல மறைந்து, நீர் மறுபடி தெளியும். அப்படித் தெளிந்த நீரைக் கொதிக்க வைத்தால் வெண்படிவு திரும்பவும் தோன்றும். ஆழ்கிணற்று நீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் படிகிறதே வெள்ளைப் படலம், அதுவும் இதுவும் ஒன்றே.